பெட்டியில் கிடந்த பெரிய வெள்ளிக்காசு: வாசகர் கேள்வி – பதில்

பழங்காசு வைத்திருப்போர் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். நாகப்பட்டினம் முதல் தஞ்சை வரை டெல்டாவின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ரூபாயைவிடப் பெரிதாக உள்ளங்கையை நிறைத்துக் கிடக்கும் காசுகளைப் பற்றியவை. இங்கிலாந்தின் ‘கிரௌன்’ நாணயம் 38.6 மில்லிமீட்டர் விட்டமும் 28.28 கிராம் எடையும் உடையது. அதனால் ஏறத்தாழ அந்த அளவில் இருக்கும் காசு எந்த நாட்டினதாயினும் அதைக் ‘கிரௌன் அளவுக் காசு’ என்றே சேகரிப்போர் சொல்கிறார்கள். கீழேயுள்ள பதில்களிலும் அப்பெயரையே கையாண்டிருக்கிறேன்.

எங்கள் தாத்தா பினாங்கில் வேலை பார்த்துவிட்டு ‘ரஜூலா’ கப்பலில் ஊர் திரும்பியவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் மூன்று பெரிய வெள்ளிக்காசுகள் உள்ளன. ஒரு பக்கத்தில் சூலம் ஏந்தி நிற்கும் பெண், மறு பக்கத்தில் சீன எழுத்து. இவை சீன நாட்டுக் காசுகளா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

சீன நாட்டுக் காசுகள் அல்ல. தாங்கள் வியப்படையலாம், இவை நம் நாட்டிலேயே அச்சடிக்கப்பட்டவை. 1895 முதல் 1935 வரை பம்பாய், கல்கத்தா நாணயச் சாலைகளில் பெருமளவில் அடிக்கப்பட்ட இவற்றுக்குப் ‘பிரிட்டிஷ் வணிக டாலர்’ என்று பெயர். சூலம் ஏந்தி நிற்பவள், பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா. மறுபுறத்தில் ‘ஒரு டாலர்’ என்ற மதிப்பு சீன எழுத்திலும், அரபு வரிவடிவில் எழுதப்படும் மலாய் மொழியிலும் பொறிக்கப்பட்டிருக்கும். எடை 26.95 கிராம், ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி. ஹாங்காங், சிங்கப்பூர், பினாங்கு ஆகிய துறைமுகங்களில் அதுவரை புழங்கிய மெக்சிகோ டாலர் போதாமற்போனதால், அதன் இடத்தை நிரப்புவதற்காகவே இக்காசு உருவானது.

சூலத்தின் நடு முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். அங்கே மிகச் சிறிய ‘பி’ என்னும் ஆங்கில எழுத்து இருந்தால் அது பம்பாயில் அடித்தது. பிறகு ஆண்டைப் பாருங்கள். 1935ஆம் ஆண்டுக் காசாக இருந்தால் உடனே தனியே எடுத்து வையுங்கள். அந்த ஆண்டினது மிக அரிது. காசின் மேல் ஆங்காங்கே சிறு சிறு முத்திரைக் குத்துகள் இருந்தால், யாரோ ஆணியால் கெடுத்துவிட்டதாக எண்ணி வருந்த வேண்டாம். காசைக் கையில் வாங்கிய சீன வணிகர்கள் வெள்ளி நல்லது என்று சோதித்ததற்கு அடையாளமாக அடித்த முத்திரைகள் அவை. பழுதில்லாத காசுக்குக் கூடுதல் விலை உண்டு என்பது உண்மையே. ஆயினும் முத்திரை குத்திய காசுகளை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

ரூபாயை அடித்த அதே சாலைகள் இதை இவ்வளவு பெரிதாக அடித்தது ஏன் என்ற கேள்வி இயல்பாக எழும். நம் ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. ‘ரூபாய் எடை’ என்று நம் வீடுகளில் மருந்துச் சரக்கை நிறுத்ததும், எட்டு கிராம் தங்கத்தை இன்றும் ‘பவுன்’ என்று சொல்வதும் ஒரே வழக்கம்தான். காசே எடைக்கல்லாக இருந்தது. கிழக்குக் கடல்களின் வாணிகத்திலோ ஸ்பானியர் கொண்டுவந்த எட்டு ரியால் காசு, சுமார் 27 கிராம், அளவுகோலாக நிலைத்துவிட்டது. மெக்சிகோ டாலர், வணிக டாலர், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாமின் சைகோன் பியாஸ்தர் எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே டெல்டாவில் இருந்துகொண்டே நாம் இரண்டு எடை மரபுகளின் காசுகளைக் காண்கிறோம். உள்ளூர்ப் புழக்கத்துக்கு ரூபாய் வந்தது. கப்பல் ஏறிப் போனவர்கள் திரும்பும்போது டாலரைக் கொண்டுவந்தார்கள்.

இவ்விரண்டு மரபுகளும் ஒருமுறை ஒன்றோடொன்று கலந்தன. முதல் உலகப் போரின்போது மக்கள் நோட்டுகளைக் கொடுத்து வெள்ளி ரூபாயாக மாற்றிப் பதுக்கத் தொடங்கவே, அரசிடம் இருந்த வெள்ளி வற்றும் நிலை வந்தது. அப்போது அமெரிக்கா 1918இல் பிட்மன் சட்டம் என்ற ஒன்றை இயற்றித் தன் கருவூலத்தில் கிடந்த கிரௌன் அளவு வெள்ளி டாலர்களில் 25 கோடிக்கும் மேற்பட்டவற்றை உருக்கிக் கட்டிகளாக்கி இந்தியாவுக்கென்று விற்றது. அந்த வெள்ளிதான் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயாக மாறியது. நம் வீடுகளில் சீர்வரிசைத் தட்டில் வைக்கும் 1918, 1919ஆம் ஆண்டு ராஜா தலை ரூபாய்களில் ஒரு பகுதி, முன்பிறவியில் அமெரிக்க டாலராக இருந்திருக்கக்கூடும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

தங்கள் தாத்தா எந்த ஆண்டு போனார், எந்த ஆண்டு திரும்பினார், எங்கே வேலை பார்த்தார் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் காசுகளோடு வையுங்கள். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய அந்தக் கப்பல் 1973இல் விற்கப்பட்டுவிட்டது. அதில் பயணம் செய்தவர்களின் நினைவும் குறைந்துகொண்டே வருகிறது.

காரைக்காலில் எங்கள் வீட்டில் இருக்கும் காசில் தலையில் கதிர் வீசும் முடியணிந்த பெண் உட்கார்ந்திருக்கிறாள். எழுத்து பிரெஞ்சு. இது புதுச்சேரிக் காசா?
– ஒரு வாசகி, காரைக்கால்

புதுச்சேரியினது அன்று, பிரெஞ்சு இந்தோசீனாவின் பியாஸ்தர். 1885 முதல் 1928 வரை வெளிவந்தது. காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால், அங்கிருந்து சைகோனுக்கு வணிகத்துக்கும் அரசு உத்தியோகத்துக்கும் போன குடும்பங்கள் பல. அவர்களோடு வந்த காசு இது. இதன் சிறப்பு, தன் தரத்தையும் எடையையும் தானே சொல்லிக்கொள்வது. 900 தரம் என்பதும் 27 கிராம் என்பதும் காசிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 1895க்கு முந்தைய காசுகளில் 27.215 என்று காணப்படும். தங்கள் காசைத் தராசில் வைத்து, அது சொல்வது மெய்தானா என்று பார்த்துவிடலாம். போலிகள் மிகுந்த காசு என்பதால் கட்டாயம் பார்க்கவும்.

நாகூரில் பழைய வீட்டைப் பிரித்தபோது 1780 என்று ஆண்டு பொறித்த வெள்ளிக்காசு கிடைத்தது. பருத்த உருவமுள்ள அரசி ஒருத்தி இருக்கிறாள். இருநூற்று நாற்பது ஆண்டுப் பழமை என்று கொள்ளலாமா?
– ஒரு வாசகர், நாகூர்

ஆண்டை நம்பிக் கொள்ள இயலாது. ஆஸ்திரிய அரசி மரியா தெரசா 1780இல் காலமானார். ஏமனிலும் அரபு நாடுகளிலும் எத்தியோப்பியாவிலும் வணிகர்கள் அவர் உருவமுள்ள தாலர் காசைத் தவிர வேறொன்றை ஏற்க மறுத்ததால், அதே 1780ஐப் பொறித்தே பின்னரும் தொடர்ந்து அடித்தார்கள். வியன்னாவில் மட்டுமின்றி லண்டன், ரோம் முதலிய ஊர்களிலும், 1940, 1941ஆம் ஆண்டுகளில் நம் பம்பாயிலும் அடித்தார்கள். எடை 28.07 கிராம், தரம் 833. எந்த ஊரில் அடித்தது என்பதை அரசியின் தோளணியிலும் கழுகின் இறகுகளிலும் உள்ள நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டு அறிஞர்கள் பிரித்திருக்கிறார்கள். பழமை எதுவாயினும், அரபு நாட்டு வாணிகம் செய்த குடும்பத்தின் சுவட்டைத் தாங்கிய காசு அது, விற்றுவிடாதீர்கள்.

எங்களிடம் உள்ள பெரிய வெள்ளிக்காசுகள் கறுத்துவிட்டன. வெள்ளி விளக்கைத் தேய்ப்பதுபோல் விபூதி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்கிறார் மாமியார். தேய்க்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

அருள்கூர்ந்து தேய்க்க வேண்டாம். விபூதி, புளி, எலுமிச்சை, பாத்திரம் துலக்கும் தூள், பற்பசை ஆகிய எதுவும் வேண்டாம். குத்துவிளக்கும் குங்குமச் சிமிழும் பளபளக்க வேண்டியவை. தேயத் தேய அவற்றுக்கு அழகு. பாத்திரங்களுக்குப் பேர்போன தங்கள் ஊரில் மங்கிய உலோகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கடினம் என்பதும் எனக்குத் தெரியும். எனினும் காசின் நியாயம் வேறு.

அச்சுக்கட்டை பெரும் அழுத்தத்தோடு வெள்ளி வில்லையின்மேல் இறங்கும்போது, உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பிதுங்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் தடம், கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத நுண்ணிய ஆரக்கோடுகளாகக் காசின் பரப்பில் நின்றுவிடுகிறது. புழங்காத காசை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துத் திருப்பினால் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போல ஒளி சுழன்று வருவது அக்கோடுகளால்தான். சிறிய காசில் இது அவ்வளவாகத் தோன்றாது. கிரௌன் அளவுக் காசின் அகன்ற பரப்பில்தான் முழு அழகோடு தெரியும். இதற்காகவே பெரிய காசுகளை நாடுவோர் பலர். விபூதி மிக மென்மையான சாம்பல்தான். ஆயினும் அந்தக் கோடுகள் அதைவிட மென்மையானவை. ஒருமுறை தேய்த்தால் அவை அழிந்து, ஒரே திசையில் ஓடும் கீறல்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு காசு மின்னும். ஆனால் அது கண்ணாடி மின்னுவதுபோன்ற வெறும் மினுக்கம். அதை மீட்க எந்தக் கைவினைஞராலும் முடியாது.

பதினைந்து வயதில் என் பாட்டி கொடுத்த ஒரு பெரிய வெள்ளிக்காசைத் திருவையாற்றில் ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து புளியும் மணலும் போட்டுத் தேய்த்தேன். நீல நிறமும் பொன் நிறமும் கலந்து படிந்திருந்த அழகிய கறை ஐந்து நிமிடத்தில் போயிற்று. அந்தக் காசு இன்றும் என்னிடம் இருக்கிறது. தங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

கறுப்பு என்பது காற்றில் உள்ள கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம். சீராகப் படிந்த கறை காசுக்குக் கவசம்போன்றது. சேகரிப்போர் அதை விரும்பி வாங்குகிறார்கள். பச்சையாகப் பிசுபிசுவென்று ஏதேனும் ஒட்டியிருந்தால் அது வேறு நோய். மலிவான மெத்தென்ற பிளாஸ்டிக் உறையிலிருந்து கசியும் பொருள் அது. அதை மட்டும் சுத்தமான அசிட்டோன் என்னும் கரைப்பானில் சில நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து, தானே உலரவிடலாம். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அடுப்பும் பூஜை விளக்கும் இல்லாத காற்றோட்டமான இடத்தில், கண்ணாடிக் கிண்ணத்தில் செய்யுங்கள்.

நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும், கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் காசுகளுக்குப் பகை. கற்பூரப் புகை படியும் பூஜை அலமாரியில் வைக்காதீர்கள். ரப்பர் பட்டையால் கட்டாதீர்கள், அதில் கந்தகம் உண்டு. கெட்டியான மைலார் (காசைக் கெடுக்காத பாலியெஸ்டர்) உறையில் ஒவ்வொன்றாக இட்டு, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றினால் போதும். எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுங்கள். வியர்வைக் கைரேகை பதிந்தால் சில மாதங்களில் அது காசிலேயே நிலைத்துவிடும்.

காசு வெள்ளிதானா என்று வீட்டிலேயே அறிய வழி உண்டா? பத்தர் உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்கிறார்.
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

உரைகல் வேண்டாம். உரைத்த இடத்தில் விளிம்பு தேயும். வெள்ளி முலாம் பூசிய போலியில் உரைத்தால் முலாமே பதில் சொல்லும். நகைக்கடையில் உள்ளதுபோல நூறில் ஒரு கிராம் காட்டும் சிறு மின்தராசு ஒன்று இருந்தால் போதும். முதலில் காசின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின்மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துச் சுழியமாக்கிவிட்டு, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அதன் அடர்த்தி வரும். 900 தர வெள்ளிக்கு அது சுமார் 10.3, செப்பு – நிக்கல் கலவைக்கு 8.9. எடுத்துக்காட்டாக, 26.95 கிராம் வணிக டாலரை நீரில் தொங்கவிட்டால் தராசு 2.6 அளவில் நிற்க வேண்டும், 3.0 காட்டினால் அது வெள்ளியன்று. காந்தம் ஒட்டினால் இரும்புப் போலி என்று உடனே தள்ளிவிடலாம். ஆனால் ஒட்டாததால் மட்டும் வெள்ளி என்று முடிவு செய்யக் கூடாது, செப்பு – நிக்கலும் காந்தத்தில் ஒட்டாது. 1947ஆம் ஆண்டு ரூபாய் தூய நிக்கல் ஆதலால் ஒட்டும். அதைப் போலி என்று எறிந்துவிடாதீர்கள்.

லண்டனிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த 1965ஆம் ஆண்டு சர்ச்சில் காசு என்னிடம் உள்ளது. பல லட்சம் பெறும் என்று கைபேசியில் ஒரு காணொளி வந்தது. ஒருவர் ‘பதிவுக் கட்டணம்’ அனுப்பினால் வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார்.
– ஒரு வாசகர், திருவாரூர்

கட்டணம் அனுப்பாதீர்கள். இதுவே முதல் பதில். பழங்காசு வாங்குவதாகச் சொல்லித் தன் பெயரில் கட்டணமும் வரியும் கேட்போரை நம்ப வேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது.

தங்கள் காசு 28.28 கிராம் எடையுள்ள செப்பு – நிக்கல் கிரௌன். நான்கில் மூன்று பங்கு செம்பு, ஒரு பங்கு நிக்கல். சுமார் 1 கோடியே 96 லட்சம் காசுகள் அடிக்கப்பட்டன. 1981இல் இளவரசர் சார்லஸ் திருமணத்துக்கு வந்த கிரௌன் அதைவிடவும் அதிகம். பிரிட்டனில் 1947 முதல் வெள்ளி நாணயங்களுக்குப் பதில் செப்பு – நிக்கல் வந்தது. முதல் செப்பு – நிக்கல் கிரௌன் 1951இல் வெளியானது. இவற்றைக் குறைவாக மதிப்பிட்டு நான் சொல்லவில்லை. சித்தப்பாவின் நினைவாகவும், நல்ல அச்சுள்ள ஒரு காசாகவும் வைத்துக்கொள்ளத் தக்கது. லட்சம் என்பது மட்டும் பொய்.

தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாய்க் காசு உண்டு என்கிறார்களே, அதைக் கடையில் கொடுத்துப் பொருள் வாங்க முடியுமா?
– ஒரு மாணவி, தஞ்சாவூர்

உண்டு. கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010 என்று ஆண்டிட்டு வந்தது அது. விட்டம் 44 மில்லிமீட்டர், எடை 35 கிராம். நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி, எஞ்சியது செம்பு. சட்டப்படி அது செல்லுபடியாகும் நாணயமே. எனினும் அரசு நாணயச் சாலை அதைப் பொறித்த மதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு, முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அனுப்பியதால் கடைக்குக் கொண்டுபோவோர் இல்லை. அதே நிகழ்வுக்கு வந்த ஐந்து ரூபாய்க் காசு சில்லறையில் புழங்கியது, தேடினால் கிடைக்கும். இராசராசன் காலத்துச் செப்புக்காசு ஒன்றையும் இந்த 35 கிராம் காசையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அந்தச் சிறிய தேய்ந்த செம்பில் நிற்கும் உருவமே எனக்கு அதிகக் கம்பீரமாகத் தோன்றுகிறது.

காது வைத்துக் காசுமாலையில் கோத்த வெள்ளிக்காசுகளின் காதை அறுத்துவிட்டால் மதிப்புக் கூடுமா? – பட்டுக்கோட்டை

கூடாது. பற்றவைத்த வடு நிற்கும். மாலையாகவே இருக்கட்டும், அதுவும் ஒரு வரலாறு.

குளம் வெட்டும்போது ஒரு கலயத்தில் காசுகள் கிடைத்தால் யாருக்குச் சொந்தம்? – மன்னார்குடி

மண்ணில் புதைந்து கிடைத்ததன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் சொல்லுங்கள், கலயத்தையும் எறியாதீர்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட காசுகள் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தொல்பொருளாகக் கருதப்படுவதால், அவற்றை வெளிநாட்டில் உள்ள உறவினருக்கு அனுப்பவும் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பலர் அறியாமல் இதைச் செய்துவிடுகிறார்கள்.

கல்லூரி மாணவன். கையில் பணம் அதிகம் இல்லை. பெரிய காசுகள் சேர்க்க ஆசை. எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

நம் நாட்டிலிருந்தே தொடங்குங்கள். 1974 முதல் பல ஆண்டுகள் உணவு, குடும்ப நலம், பெண்கள் முன்னேற்றம் ஆகிய பொருள்களில் மத்திய அரசு வெளியிட்ட பத்து ரூபாய்ச் செப்பு – நிக்கல் காசுகள் 39 மில்லிமீட்டர் விட்டமும் 25 கிராம் எடையும் உடையவை. கிரௌன் அளவுக்கு நமக்கு வாய்த்த உறவினர்கள் இவை. வெள்ளியின் விலையேற்றம் இவற்றைத் தொடாததால் மாணவரின் கைக்கு எட்டும். இவற்றுக்கு இணையாக வந்த ஐம்பது ரூபாய்க் காசு ஒவ்வொன்றிலும் பாதிப் பங்கு வெள்ளி. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆண்டின் கீழே உள்ள சிறு குறியையும் கவனியுங்கள். சிறு வைர வடிவம் இருந்தால் பம்பாய், நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், குறியே இல்லையென்றால் கல்கத்தா.

அதன்பின் அக்கரைக்குப் போகலாம். புத்தர் ஜயந்தியின் 2500ஆம் ஆண்டுக்காக இலங்கை 1957இல் வெளியிட்ட ஐந்து ரூபாய், பழைய வெள்ளிக் கிரௌனுக்கு எடையிலும் தரத்திலும் அப்படியே ஒத்த வெள்ளிக்காசு. வேதாரண்யம் பக்கத்துப் பழைய குடும்பங்களில் யாரேனும் வைத்திருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். வாங்குவதற்கு முன் நிறையப் பார்க்க வேண்டும் என்பதால், சென்னைக்குப் போகும்போது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயங்களையும், நம் பக்கத்திலேயே தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையில் உள்ளவற்றையும் ஒருமுறை பார்த்து வாருங்கள்.

ஒரு கோடு போட்ட நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காசுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, விட்டம், எடை, ஆண்டு, குறி, கொடுத்த விலை ஆகியவற்றோடு, அது யார் வீட்டிலிருந்து வந்தது, அவர்கள் கைக்கு எப்படி வந்தது என்று அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். முதல் பக்கத்தை எழுதியதும் அந்தக் காசின் படத்தோடு எனக்கு அனுப்புங்கள்; அடுத்த இதழில் பேசலாம்.